பேட்டரித் தண்ணியில பாத்த மண்ணு

நான் வேலை பாத்த லேப்புக்கு இது வெள்ளி விழா வருசமாம். மலர் போடுறாங்க. போன மாசம், இப்ப அங்க வேலை பாக்குற ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. காபி குடிச்சாங்க. "சார், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். இனிமையான நினைவா இருந்தா நல்லாருக்கும்"னாங்க. கிளம்புறப்ப அந்தப் பொண்ணு, "சார், மெஷினுக்கு மேல ஒரு போர்டு தொங்குதே, 'செக் மண் பார்க்காமல் எந்த மண்ணும் பார்க்கக் கூடாது'ன்னு. அதைப் பழைய பெரியசார் வெச்சதாமே. அந்தக் கதையையும் எழுதுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

எழுதுறேன். ஆனா அவங்க கேட்ட இனிப்பு இதுல இல்ல. மலர்ல போட்டாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி. எனக்குப் பென்சன் கிடையாது, என்னைய மிரட்டிப் பிடிச்சு வைக்கிறதுக்கு இனிமே யாருகிட்டயும் ஒண்ணுமில்ல.

லேப்புன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. திண்டுக்கல்ல ஒரு அறக்கட்டளை நடத்துன மண் பரிசோதனைக் கூடம், ரெண்டு ரூம்பு, ஒரு வராண்டா. பேரு வேண்டாம். காய்கறி போடுற சின்ன விவசாயிக, மாடித் தோட்டக்காரங்க, கான்வென்ட் தோட்டத்துச் சிஸ்டர்மாருன்னு மண்ணைக் கொண்டு வருவாங்க. நாங்க பி.எச். பாத்துச் சீட்டு எழுதிக் குடுப்போம். ஏழுன்னா நடு. ஏழுக்குக் கீழ இறங்குனா மண்ணு புளிப்பு, அதுக்குச் சுண்ணாம்பு போடணும். ஏழுக்கு மேல ஏறுனா காரம், அதுல சுண்ணாம்பு படவே கூடாது. காய்கறிக்கு ஆறுலருந்து ஏழரைக்குள்ள இருந்தா கும்பிட்டுக்கிட்டு நட்டுறலாம்.

நான் முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஒரு நூல் மில்லுல சாயம் கலக்குற பக்கம் கிடந்தவன். மில்லை மூடுனதும் இங்க வந்தேன். கெமிஸ்ட்ரி படிச்சவன்னு பேரு, முதல் வருசம் பாட்டில் கழுவினேன், ரெண்டாம் வருசம் மண்ணு இடிச்சேன், மூணாம் வருசம் மெஷின் பக்கம் விட்டாங்க. பயிற்சின்னு சொன்னா அம்புட்டுதான்.

சொல்லிக் குடுத்தது பெரியசாரு, ராஜமாணிக்கம். தலைமை வேதியியலர்னு கதவுல எழுதியிருக்கும். சத்தமே போட மாட்டாரு. தன்னைவிடப் பெரியவங்களையும் 'தம்பி'ம்பாரு. அவரு வேலை பாக்குறதைப் பாத்தா யாருக்கும் மரியாதை வந்துரும், எனக்கும் வந்துச்சு, இப்ப நினைச்சாலும் வயித்தெரிச்சலோடதான் சொல்றேன்.

மண்ணு எடுக்கிறதுலயே ஆரம்பிக்கும் அவரு கண்டிப்பு. தோட்டத்துல பத்து இடத்துல எடுக்கணும். வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எருக்குழிப் பக்கம் கூடவே கூடாது. மண்வெட்டியால அரையடிக்குச் சரிவா வெட்டி, குழியோட சுவத்தை மேலருந்து கீழ ஒரே கனத்துல சீவி எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து, வட்டமா பரப்பி, நாலு பங்கு வெச்சு, எதிரெதிர் ரெண்டைத் தள்ளி, மறுபடி கலந்து மறுபடி தள்ளி, கடைசியில அரைக் கிலோ. உரச்சாக்குல கொண்டு வந்தா வாங்கவே மாட்டாரு. "யூரியா சாக்குல கொண்டு வந்தா நான் யூரியாவைத்தான பாக்கணும், உங்க மண்ணை எங்க பாக்குறது?"ன்னு சிரிச்ச மூஞ்சியோட திருப்பி அனுப்பிருவாரு. அய்யலூர்லருந்து பஸ்ஸு புடிச்சு வந்தவனா இருந்தாலும் அதேதான்.

அப்புறம் நிழல்ல காய வெச்சு, மரச்சுத்தியால தட்டி, சலிச்சு, இருபது கிராம் கண்ணாடிக் குவளையில போட்டு, அம்பது மில்லி வடிச்ச தண்ணி ஊத்தணும். டிஸ்டில்டு வாட்டர். கண்ணாடிக் குச்சியால அப்பப்பக் கலக்கி விட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும். மெஷின் கம்பியோட நுனியில வெங்காயத் தோலு மாதிரி மெல்லிசா ஒரு கண்ணாடிக் குமிழு இருக்கும். அதைக் கழுவிட்டுத் தாளால ஒத்தணும். தொடைச்சா அவருக்குப் பிடிக்காது. "ஒத்துங்க தம்பி, தொடைக்காதீங்க" - இதை மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நாலு, ஏழு, ஒம்பதேகால்னு தெரிஞ்ச மூணு கரைசல்ல மெஷினை முதல்ல சரி பாக்கணும்.

அதுக்கப்புறம்தான் செக் மண்ணு. எங்க காம்பவுண்டு வேப்பமரத்துக்குத் தள்ளி எடுத்த செம்மண்ணு, ஒரு ஜாடி நிறையச் சலிச்சு வெச்சிருந்தோம். அது ஏழு புள்ளி ரெண்டு. தினம் காலையில முதல்ல அந்த மண்ணை எடுத்து, மத்த மண்ணைப் பாக்குற மாதிரியே பாக்கணும். ஏழு புள்ளி ரெண்டு வந்தாத்தான் அன்னைக்கி வேலை ஓடும். வரலைன்னா எங்கயோ தப்பு, மெஷினோ தண்ணியோ நம்ம கையோ. நோட்டுல முதல் ரீடிங்கைப் பென்சில்ல எழுதி, ரெண்டாந்தரம் பாத்து ஒத்து வந்தாத்தான் பேனா. இம்புட்டையும் ஏன் விலாவாரியா சொல்றேன்னா, பின்னால நடந்தது அந்த மனுசனுக்குத் தெரியாம நடக்கலைன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

பதினேழு வருசத்துக்கு முந்தி. நான் அங்க சேந்து எட்டு வருசமாகியும் தற்காலிகம்தான். நிரந்தரம் பண்ற பேப்பர் அந்த மாசம் மேல போகணும், அதுல பெரியசாரு கையெழுத்து வேணும். அதே மாசத்துலதான் அறக்கட்டளைப் பெரியவங்க மதுரையிலருந்து வந்து, மேடையில வெச்சு நாப்பது விவசாயிகளுக்குச் சீட்டுக் குடுக்குறதா விழா. சனிக்கிழமை விழா, முந்துன புதன்கிழமை தண்ணி வடிக்கிற பாத்திரத்துல காயில் எரிஞ்சு போச்சு. கையில மிச்சம் இருந்தது ஒரு பாட்டில் தண்ணி. நாப்பது மண்ணு அப்படியே கிடக்கு.

"பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் விக்கிறான்ல தம்பி, ஒரு கேன் வாங்கியாங்க"ன்னாரு பெரியசாரு.

நான்தான் வண்டியில போனேன். கடைக்காரன் உள்ள போயி, மூலையில கிடந்த வெள்ளைக் கேன்ல புடிச்சுக் குடுத்தான். அந்தக் கேன்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. பேட்டரிக் கடையில கேன்ல தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கும்? ஆசிட்டுதான். அடியில அரை டம்ளர் நின்னுருந்தாலும் போதும். தண்ணி பளிச்சுன்னு இருந்துச்சு, வாசமும் இல்ல. சாயப்பட்டறையில ஆசிட்டோட எத்தனையோ வருசம் கிடந்தவன் நான், ஒரு லிட்மஸ் தாளை முக்கிப் பாக்கத் தோணலையே எனக்கு! இதுக்கு வேற யாரையும் கை காட்ட முடியாது.

லேப்புக்கு வந்து ஜாடியை எடுத்தேன். பெரியசாரு போன்ல சாமியானாக்காரன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தவரு, கையால வேண்டாம்னு காட்டுனாரு. "செக் மண்ணுக்கு அரை மணி நேரம் போயிரும். இன்னைக்கி விட்ருங்க. நேரா பேனாவுலயே எழுதுங்க."

பாக்க ஆரம்பிச்சேன். கரிசல் மண்ணெல்லாம் எட்டு, எட்டேகால்னு எப்பவும் போல வந்துச்சு. கரிசல்ல இயல்பாவே சுண்ணாம்பு கிடக்கும், ஆசிட்டை முழுங்கிரும், அதனால தப்பு வெளியில தெரியல. செம்மண்ணுதான் அஞ்சரை, அஞ்சே முக்கால்னு இறங்குச்சு. நம்ம சமவெளியில புளிப்பு மண்ணு அபூர்வம். சிறுமலை மேல போனா இருக்கும், கொடைக்கானல் பக்கம் இருக்கும். தாடிக்கொம்புல அஞ்சரையா? எழுந்து போயிச் சொன்னேன்.

"யூரியாவை அள்ளி அள்ளிக் கொட்டுறாங்க, புளிக்காம என்ன செய்யும்?"

"உப்பும் கூடக் காட்டுது சார்."

"நம்ம ஊரு கிணத்துல உப்பு இருக்குறது உங்களுக்குப் புதுசா தம்பி?"

ரெண்டும் நம்புற மாதிரிதான் இருந்துச்சு. நம்புறதுக்கு வசதியாவும் இருந்துச்சு. பதினோரு செம்மண்ணு. பதினோரு சீட்டுலயும் 'மண் அமிலத்தன்மை உடையது, சென்டுக்கு ஆறு படி சுண்ணாம்பு இடவும்'னு என் கையாலதான் எழுதினேன்.

அந்தப் பதினோரு பேருல ஒருத்தர்தான் சகாயமேரி. தாடிக்கொம்பு ரோட்டுல ஒரு கிராமம். அப்ப முப்பத்தஞ்சு நாப்பது வயசு இருக்கும். வீட்டுக்காரரு அந்தோணி லோடு ஆட்டோ ஓட்டுனாரு. அதுவரைக்கும் அடுத்தவங்க தோட்டத்துல கூலிக்குக் களை எடுத்த அம்மா, முதல் தடவையா அரை ஏக்கர் குத்தகைக்குப் புடிச்சிருந்துச்சு. நிலத்துக்காரரு டவுன்ல கடை வெச்சிருக்கவரு. "ஒரு போகம் எடுத்துக் காட்டு. தோட்டம் பச்சையா நின்னா அஞ்சு வருசத்துக்கு எழுதித் தாரேன். இல்லைன்னா பிளாட்டு போடுறவன் தினம் வாசல்ல நிக்கிறான்"னு சொல்லியிருந்தாரு. அதனாலதான் அந்தம்மா லேப்புக்கே வந்துச்சு. மண்ணை வெளுத்த துணிப்பையில கொண்டு வந்துச்சு. பத்து இடத்துல எடுத்து, நாலு பங்கு வெச்சுத் தள்ளி, நிழல்ல காயப்போட்டு, எல்லாம் சொன்னபடி. பெரியசாரே அந்தப் பையை வாங்கிப் பாத்துட்டு, "இப்படி நாலு பேரு இருந்தாப் போதும்"னு சொன்னாரு.

விழா நடந்துச்சு. போட்டோ எடுத்தாங்க. என்னையும் மைக்குல பேசச் சொன்னாங்க. "சீட்டுல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் அளவு. குறைச்சாலும் தப்பு, கூட்டுனாலும் தப்பு"ன்னு பெரிய இவனாட்டம் பேசினேன். கை தட்டுனாங்க.

திங்கக்கிழமை காலையில கூட்டம் இல்ல. சும்மா இருக்கமேன்னு செக் மண்ணை எடுத்தேன். கேன் தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் வெச்சு, கம்பியை விட்டேன். அஞ்சு புள்ளி ஆறு. மெஷினைச் சரி பாத்தேன், சரியா இருந்துச்சு. மறுபடி பாத்தேன், அதே அஞ்சு புள்ளி ஆறு. அப்புறம் மண்ணு இல்லாம வெறும் கேன் தண்ணியில கம்பியை விட்டேன். நம்பரு சரசரன்னு இறங்கி ரெண்டுல வந்து நின்னுச்சு. ஆத்தாடின்னு வாய்விட்டே சொல்லிட்டேன். மிச்சமிருந்த பழைய பாட்டில் தண்ணியில செக் மண்ணைப் பாத்தேன். ஏழு புள்ளி ரெண்டு. சகாயமேரியோட துணிப்பையில மிச்சம் கிடந்த மண்ணையும் பாத்தேன். ஏழு புள்ளி மூணு. காய்கறிக்கு அதைவிட நல்ல மண்ணு வேண்டாம். அதுலதான் சுண்ணாம்பைக் கொட்டுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

பெரியசாரு நோட்டைப் பாத்தாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு.

"எத்தனை சீட்டு?"

"பதினொண்ணு சார். இப்பவே திரும்ப வாங்கிரலாம். வீடு வீடா நானே போறேன்."

"மேடையில, பெரியவங்க கையால குடுத்த சீட்டைத் திரும்ப வாங்குறதா? என்னன்னு சொல்லி வாங்குவீங்க? பேட்டரித் தண்ணியில பாத்தோம்னா? நாளைக்கி எவன் இங்க மண்ணு கொண்டு வருவான்?"

"சுண்ணாம்பு போட்டாங்கன்னா பயிரு போயிரும் சார்."

அவரு சிரிச்சாரு. சத்தியமாச் சிரிச்சாரு. "தம்பி, நம்ம ஆளுக என்னைக்கி சீட்டைப் பாத்துப் போட்டிருக்காங்க? வீட்டுக்குப் போனதும் எறவாணத்துல சொருகிட்டு உரக்கடைக்காரன் சொல்றதைத்தான் போடுவாங்க. ஒருத்தன் போட மாட்டான், போய் வேலையைப் பாருங்க." நான் நகரல. அவரு மேசை டிராயரைத் திறந்து என் நிரந்தரப் பேப்பரை எடுத்து மேல வெச்சாரு. "இது புதன்கிழமை போகுது. இந்த நேரத்துல லேப்புல தப்புன்னு ஒரு பேப்பர் போனா, தண்ணி வாங்குனது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க." ரப்பரை எடுத்து, நான் பென்சில்ல எழுதியிருந்த ஏழு புள்ளி மூணை அவரே அழிச்சாரு. குரல் அப்பவும் ஏறல.

மத்தியானம் வயித்து வலின்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு சகாயமேரி தோட்டத்துக்குப் போனேன். சொல்லிரணும்னுதான் போனேன். அதுல சந்தேகம் இல்ல. வழி நெடுக எப்படிச் சொல்றதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

தோட்டத்துல வரப்பு மேல சுண்ணாம்பு மூட்டை வரிசையா இருந்துச்சு. காளவாசல்ல வாங்கி, தண்ணி தெளிச்சு நீத்து வெச்சிருந்தாங்க. இன்னும் போட ஆரம்பிக்கல. அந்தம்மா கயிறு கட்டி நிலத்தைச் சென்டு சென்டாப் பிரிச்சு, மூலைக்கு மூலை குச்சி ஊனியிருந்துச்சு. கையில பக்காப் படி ஒண்ணு.

"வாங்க சார், வாங்க! ஏலே பயலுகளா, அந்த நிழல்ல ஒரு சாக்கை விரிங்கடா. சரியாப் பிரிச்சிருக்கேனான்னு பாருங்க சார், நீங்களே வந்துட்டீங்க."

பாத்தேன். சரியாத்தான் பிரிச்சிருந்துச்சு. எங்க லேப்புல இருந்த எவனும் அப்படிப் பிரிச்சிருக்க மாட்டான்.

"கொஞ்சம் குறைச்சே போடுங்களேம்மா"ன்னேன். அம்புட்டுதான் வந்துச்சு வாயில.

"ஏன் சார்? சீட்டுல ஆறு படின்னு போட்டிருக்கே?"

"இல்ல... சும்மா ஒரு இதுக்கு..."

"குறைச்சாலும் தப்பு, கூட்டுனாலும் தப்புன்னு நீங்கதான சார் மைக்குல சொன்னீங்க?" சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. "நீங்க கவலைப்படாதீங்க. படியைத் தலை தட்டித்தான் போடுறேன்."

நான் அந்த இடத்துல சொல்லியிருக்கணும். 'அம்மா, சீட்டு தப்பு, கிழிச்சுப் போடு'ன்னு எத்தனை வார்த்தை? அஞ்சு வார்த்தை. புதன்கிழமை போற பேப்பரு கண்ணு முன்னாடி நின்னுச்சு. எட்டு வருசம் தற்காலிகமா இருந்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்னு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கிட்டிருக்கேன். அது நொண்டிச் சாக்குன்னும் எனக்குத் தெரியும். அந்தம்மா குடுத்த மோரைக் குடிச்சிட்டு, "சரிம்மா, வாரேன்"னு வந்துட்டேன். முக்குத் திரும்புறப்ப, முதல் படிச் சுண்ணாம்பு வெள்ளையா விழுகுறதைப் பாத்தேன்.

புதன்கிழமை பேப்பர் போச்சு.

ஒண்ணரை மாசம் கழிச்சு சகாயமேரியும் அந்தோணியும் லேப்புக்கு வந்தாங்க. ஈரச்சாக்குல சுத்தி நாலு தக்காளிச் செடி, ரெண்டு கத்தரிச் செடி. கொழுந்தெல்லாம் மஞ்சளாப் போயி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. சுண்ணாம்பு கூடிப் போனா மண்ணுல இருக்குற இரும்பைச் செடியால எடுக்க முடியாது, அதுக்கு வர்ற மஞ்சள் அது. எனக்குப் பாத்ததுமே தெரியும். பெரியசாருக்கும் தெரியும். மண்ணும் கொண்டு வந்திருந்துச்சு, அதே மாதிரித் துணிப்பையில. காயில் மாத்தி நல்ல தண்ணி வந்திருந்துச்சு. செக் மண்ணு பாத்து, பென்சில்ல எழுதி, ரெண்டாந்தரம் பாத்து, எல்லா முறையும் சுத்தமா நடந்துச்சு. எட்டரை.

பெரியசாரு செடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "சொன்னதுக்கு மேல போட்டிருக்கம்மா"ன்னாரு.

"இல்லங்க சார். படியால அளந்துதான் போட்டேன். தலை தட்டித்தான் சார் போட்டேன்."

"கூடப் போடாம எட்டரை எப்படி வரும்? மெஷின் பொய் சொல்லுமா?"

அந்தோணி தலையில அடிச்சுக்கிட்டாரு. "இவளுக்கு எப்பவுமே கை தாராளம் சார். கொழம்புல உப்புக்கே அளவு தெரியாது. மண்ணுல போட்டா தெரியவா போகுது?"

அந்தம்மா என்னைப் பாத்துச்சு. "சார், நீங்க வந்து பாத்தீங்களே. கயிறு கட்டிப் பிரிச்சிருந்தேன்ல? நீங்க சொல்லுங்க சார்."

பெரியசாரும் என்னைப் பாத்தாரு. என் நிரந்தர ஆர்டர் இன்னும் வரல.

"கொஞ்சம் கூடத்தான் விழுந்திருக்கும் போலம்மா"ன்னேன்.

அந்தம்மா தன் உள்ளங்கையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெரியசாரு இரும்புச் சத்துக்கு அன்னபேதி கரைச்சுத் தெளிக்கச் சொல்லிப் புதுச் சீட்டு எழுதிக் குடுத்தாரு. அதுக்கு ஒரு வாரம் பச்சை தட்டுச்சாம், மறுபடி மஞ்சள். பூவெல்லாம் உதிர்ந்து போச்சு. பொங்கலுக்கு முன்னாடி நிலத்துக்காரரு பிளாட்டுக் கல்லு ஊனிட்டாரு. இப்ப அங்க வீடுக இருக்கு, ஒரு கல்யாண மண்டபம்கூட வந்துருச்சு.

மத்த பத்துப் பேரு? பெரியசாரு சொன்னது அச்சு அசலா நடந்துச்சு. ஒருத்தரும் சுண்ணாம்பு போடல. ஒருத்தர் சீட்டைத் தொலைச்சிட்டாரு, ஒருத்தர் சட்டையோட துவைச்சிட்டாரு, மிச்சப்பேரு உரக்கடைக்காரன் பேச்சைக் கேட்டாங்க. அவங்க தோட்டமெல்லாம் நல்லா இருந்துச்சு. எங்களை நம்பி, எங்க சீட்டை எழுத்துக்கு எழுத்து மதிச்ச ஒரே ஒரு ஆளு தோட்டம்தான் போச்சு. இந்த அநியாயத்தை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

அந்தப் பொண்ணு கேட்ட போர்டு அதுக்கு அடுத்த மாசம் வந்துச்சு. பெரியசாரே பெயின்டரைக் கூட்டியாந்து எழுத வெச்சாரு, கீழ அவரு பேரோட. பாக்க வந்தவங்க எல்லாம் பாராட்டுனாங்க. அதை ஆணியடிச்சு மாட்டுனது நானு. என் நிரந்தர ஆர்டரும் அந்த வாரம்தான் வந்துச்சு. அவரு சால்வையும் மாலையுமா ஓய்வு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் பழனிக்கு நடைப்பயணம் போறவங்களுக்கு வருசா வருசம் தண்ணிப் பந்தல் வெச்சாரு, நிம்மதியாவே போய்ச் சேந்தாரு. அந்த நாளைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல.

இதை இதுவரைக்கும் எழுதிட்டு மேல எழுத முடியல. அச்சுல வர்றதுக்கு முன்னாடி, கேக்க வேண்டிய ஆளு கேக்கணும்ல? போன செவ்வாய்க்கிழமை வெங்காயப் பேட்டைக்குப் போனேன். சகாயமேரி அங்க ஒரு கமிஷன் மண்டியில சின்ன வெங்காயத்துக்குத் தாள் கிள்ளித் தரம் பிரிக்கிற வேலைக்கு வருதுன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். தெரிஞ்சு அந்தப் பக்கமே போகாம இருந்தவன் நான்.

"சார், நல்லா இருக்கீங்களா? எம்புட்டு வருசமாச்சு!" பக்கத்துல இருந்த பொம்பளைககிட்ட, "மண்ணு பாக்குற சாரு"ன்னு சொல்லுச்சு. "இவுக சொன்னபடி கேட்டிருந்தா நான் இன்னைக்கி தோட்டக்காரி. கை தாராளமாப் போச்சு, கெட்டேன்"னு அதுவே சொல்லிச் சிரிச்சுச்சு. அதைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியல. சாக்கு மேல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். கேனு, தண்ணி, அழிச்ச நம்பரு, அன்னைக்கி தோட்டத்துல வாய் வராம மோரைக் குடிச்சிட்டு வந்தது, அப்புறம் அந்தோணி முன்னாடி சொன்ன பொய்யி.

தாள் கிள்ளிக்கிட்டேதான் கேட்டுச்சு. நான் முடிச்சதும், "அப்ப நான் அளந்துதான் போட்டேனா சார்?"ன்னுச்சு.

"அளந்துதான்ம்மா போட்டீங்க. ஒரு பிடி கூட இல்ல."

அப்பத்தான் கை நின்னுச்சு.

"சாகுற வரைக்கும் எங்க வீட்டு மனுசன் அதையே சொல்லிச் சொல்லித்தான் என்னை வஞ்சாரு. சோத்துல உப்புக் கூடுனா, 'தோட்டத்தையே தின்ன கைதான'ம்பாரு. எம் மருமகன் முன்னாடி சொல்லுவாரு. பேரன் முன்னாடி சொல்லுவாரு. நானும் நம்ம கைதான் போலன்னு நம்பிட்டேன். இன்னைக்கும் உலையில அரிசி போடுறப்ப ரெண்டு தடவை அளக்குறேன். அவரு போயி ரெண்டு வருசமாச்சு. இதை இனிமே நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?"

மன்னிச்சிருங்கம்மான்னேன். அந்தம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, "எந்திரிச்சுப் போய்யா"ன்னுச்சு.

எந்திரிச்சு வந்துட்டேன்.